இரண்டு பஸ் நிறைய சனம்

தொலைபேசிக் கூண்டுக்குள் நுழையும்வரை உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். 'அம்மா, லத்தீன் போயிடுச்சு.' மூன்றே வார்த்தைகள். அபெரிஸ்ட்வித் கடற்கரைச் சாலையில் மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. கூண்டுக்கு வெளியே என் அறைத்தோழி கெயின்வென் கோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, 'சொல்லு, சொல்லு' என்று கண்ணாடி வழியாக வாயசைத்தாள்.

அன்று, அறுபத்து மூன்றாம் வருடம் ஜூன் கடைசி வியாழக்கிழமை, மத்தியானம்தான் முதலாண்டுத் தேர்வு முடிவை ஒட்டியிருந்தார்கள். கல்லூரி வாசல் வளைவுக்குள், பூட்டிய கண்ணாடிப் பலகையில், தட்டச்சு செய்த ஒரு பட்டியல். எடுத்த மூன்று பாடங்களிலும் தேறியவர்கள் பெயர் மட்டும்தான் அதில் வரும். வரலாற்றில் தேறியிருந்தேன், வெல்ஷ் இலக்கியத்தில் தேறியிருந்தேன். லத்தீன் காலை வாரிவிட்டது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. அது காலை ஒன்பது மணி வகுப்பு. எங்கள் வீட்டுக்கார அம்மா மிஸஸ் பெவன் குளிர்காலத்தில் நாளுக்கு ஒரு வாளி நிலக்கரிதான் தருவாள். விடியும்போது அறை பனிக்கட்டியாக இருக்கும். போர்வைக்குள்ளிருந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டினால் ஜன்னல் நிறையக் கடல். நாலு பக்கமும் மலை அடைத்த ஊரில், சிலேட்டுக்கல் குவாரிகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான். பத்தொன்பது வயதில் என் கட்டிலருகே ஒரு கடலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எழுந்து லத்தீன் படிக்கப் போ என்றால் எப்படிப் போவது? இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று நினைத்து நினைத்தே ஒரு குளிர்காலம் போய்விட்டது.

மறுமுனையில் அம்மா தபாலாபீசில் காத்திருந்தாள். எங்கள் கும்தெர்வென்னில் ஜோன்ஸ் என்று பதினொரு குடும்பங்கள். அதனால் தபால் ஜோன்ஸ், ரொட்டி ஜோன்ஸ், வெடிமருந்து ஜோன்ஸ் என்றுதான் ஆளை அடையாளம் சொல்வோம். ஊருக்கே ஒரு தொலைபேசி, அது தபால் ஜோன்ஸின் மேஜைமேல். அம்மாவின் குரலுக்குப் பின்னால் ஒரு கூட்டமே மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது.

"பஸ் ரெண்டாயிடுச்சு ரியன்," என்றாள் அம்மா. "ஒண்ணு பத்தலை. எப்பவும் வராதவங்கள்லாம் இந்தத் தடவை பேர் குடுத்திருக்காங்க."

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை கடலுக்குக் கிளம்பும். குழந்தைகள் பெயரைச் சொல்லிக்கொண்டு ஊரே கிளம்பும். வழக்கமாக ரில் கடற்கரைக்குத்தான் போவார்கள். இந்த வருடம் மார்ச்சிலேயே மூப்பர் பியூ எழுந்து, "ரில்லுல என்ன இருக்கு? நம்ம புள்ள பேரை அபெரிஸ்ட்வித்துல பலகையில போடப்போறாங்க. அதைப் போய்ப் பாப்போம்" என்று சொல்ல, கை தூக்காத ஆள் இல்லையாம். எங்கள் சபையிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். அப்பா குவாரித் தூசியில் போய் ஆறு வருடமாகிறது. அம்மா ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தரையைக் கழுவுகிறாள். அந்த முடிவு எடுத்த அன்றைக்கு அவளைச் சபையின் முன்வரிசைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள் என்று கடிதத்தில் எழுதியிருந்தாள். அது மட்டும் மற்ற வரிகளைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது.

"பேர் வந்திருக்கா?" என்று கேட்டாள்.

வெளியே கெயின்வென்னின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"வந்திருக்கும்மா," என்றேன்.

அம்மா ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு பின்னால் திரும்பி எதையோ சொன்னாள். தபாலாபீசில் கைதட்டினார்கள். இருபது வருடமாக அங்கே தபால்தலை வாங்குகிறவர்கள், கைதட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை முழுக்க கெயின்வென் எனக்காக யோசித்தாள். ஆங்கிள்ஸி தீவில் ஒரு கலங்கரை விளக்கக் காவலரின் மகள் அவள். எல்லாவற்றுக்கும் ஒரு வழி உண்டு என்று நம்புகிறவள். அவள் பெயர் பட்டியலில் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எனக்காக மூட்டை கட்டி ஓரமாக வைத்திருந்தாள். வாசல்காப்பாளரிடம் சாவி வாங்கி என் பெயரை அவள் பேனாவால் எழுதிவிடலாம் என்றாள். தட்டச்சு போலவே எழுத வரும் என்று தாளில் எழுதியும் காட்டினாள். வாசல்காப்பாளர் சாவியைச் சட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டு, வருஷா வருஷம் ரெண்டு பேர் வந்து கேக்கறீங்க, போங்க என்றார். அப்புறம், வளைவில் வெள்ளையடிப்பதாகச் சொல்லிச் சாக்குத் துணி தொங்கவிடலாம் என்றாள். சாக்குக்கூட எங்கோ தேடிப் பிடித்துவிட்டாள். கடைசியில் சாயங்காலம் நாங்கள் இருவரும் கடற்கரைச் சாலையின் கோடிவரை நடந்து, எல்லா மாணவர்களும் செய்வதுபோல் அங்கிருக்கும் இரும்புக் கம்பியை ஒரு உதை உதைத்துவிட்டுத் திரும்பினோம். "மழை வந்தா வரமாட்டாங்க இல்ல?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் மழைக்காக ஒன்றை நிறுத்துவதென்றால் கல்யாணம்கூட நடக்காது என்றேன்.

சனிக்கிழமை வெயில் அடித்தது.

பதினொரு மணிக்கு இரண்டு பஸ்களும் பாடிக்கொண்டே வந்து நின்றன. முதலில் இறங்கியவள் பால்கார லெய்சா. பால் வண்டி ஓட்டுகிற கை, பேசுகிற வாய், இரண்டும் ஓயாது. கடலைப் பார்த்து, "ரில்லுல இருக்கறதைவிடக் கொஞ்சம் சின்னது" என்றாள். ஆண்கள் எல்லாரும் சபைக்குப் போகும் கறுப்பு உடுப்பில். பெண்கள் தொப்பி. குழந்தைகள் தகர வாளி. மூப்பர் பியூ இறங்கி, பாக்கெட் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நிகழ்ச்சி நிரலை வாசித்தார். பன்னிரண்டுக்குச் சாப்பாடு. சரியாக இரண்டரைக்குக் கல்லூரி வாசல். நாலு மணிக்கு இந்த ஊர்ச் சபை மண்டபத்தில் தேநீர். ஆறு மணிக்கு பஸ்.

"வாசல்ல என்ன ஐயா பண்ணப்போறோம்?" என்று கேட்டேன்.

"பாடப்போறோம்," என்றார். "நாலு குரல்லயும். மூணு வாரமா ஒத்திகை." கோட்டுப் பையிலிருந்து சுருதி பிடிக்கும் இசைக்கவையை எடுத்துக் காட்டினார். "தாழ்ந்த பெண்குரல், ஆல்ட்டோதான் கொஞ்சம் இழுக்குது. உங்கம்மா வந்தப்புறம் பரவால்ல."

அம்மா கடைசியாக இறங்கினாள். நீலத் தொப்பி வைத்திருந்தாள். அதை நான் பார்த்ததேயில்லை. எல்லார் முன்னாலும் கட்டிப்பிடிக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. என் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். அவ்வளவுதான். ஆனால் பொத்தானைப் போட்ட பிறகும் விரல்கள் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தன.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். ரொட்டி ஜோன்ஸ் வந்து என் கையைக் குலுக்கினார். சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் கரையோரக் குன்றின்மேல் ஏறும் மலை ரயிலில் ஏறியபோது, சொல்லலாமென்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். லெய்சா நடுவில் புகுந்து உட்கார்ந்து, பலகையில் எழுத்து எவ்வளவு பெரிசாக இருக்கும், கண்ணாடி போடாமல் தெரியுமா என்று விசாரித்தாள். மேலேயிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். வளைந்த கடற்கரை, வரிசையாக விடுதிகள், கோடியில் கோபுரங்களோடு கல்லூரி. "அதோ, அங்கதான்" என்று யாரோ குழந்தைகளுக்குக் காட்டினார்கள். அம்மா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே வந்து மணலும் தக்காளியும் கலந்த ரொட்டியைத் தின்றோம். கெயின்வென் குழந்தைகளுக்குத் தட்டைக் கல்லைத் தண்ணீர் மேல் துள்ள விடக் கற்றுக்கொடுத்தபடி, அவ்வப்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். கடிகாரம் ஒன்றே முக்கால் காட்டியது.

"எனக்குக் கால் நனைக்கணும்," என்றாள் அம்மா. "காலுறையைக் கழட்டறேன். துண்டைப் பிடி."

துண்டை இரண்டு கையாலும் விரித்து மறைப்பாகப் பிடித்தேன். சரளைக்கற்கள் மேல் அம்மா உட்கார்ந்து குனிந்தாள். மூன்றடித் துணிக்குப் பின்னால் முதல் தடவையாக நாங்கள் இருவர் மட்டும்.

"அம்மா, பலகையில என் பேர் இல்ல."

ஒரு காலுறை கழன்றிருந்தது, இன்னொன்று கணுக்கால்வரை சுருண்டு வந்திருந்தது. கை அப்படியே நின்றது.

"எல்லாத்துலயுமா?"

"லத்தீன் மட்டும். ஆனா ஒண்ணு போனாலும் பேர் வராது. செப்டம்பர்ல திரும்ப எழுதலாம்."

"எந்தத் தேதி?"

"ஒன்பதாந்தேதி."

"அப்ப அன்னிக்கு போன்ல சொன்னது?"

"பொய்தாம்மா."

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் பட்டறியாத, வெள்ளை வெளேரென்ற பாதம். பள்ளிக்கூடத் தரையில் மண்டியிட்டு மண்டியிட்டுக் கால்விரல்களின் நுனி தடித்துப்போயிருந்தது. அதை அதுவரை நான் கவனித்ததில்லை.

"லத்தீன் என்னன்னு எனக்குத் தெரியாது," என்றாள். "அது போனா போகட்டும். எங்கிட்ட பொய் சொன்னது கொஞ்ச நாளைக்கு வலிக்கும்." பிறகு, "துண்டை நேராப் பிடி. பியூ பாக்கறாரு" என்றாள்.

காலுறைகளைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். கால் நனைக்கவில்லையா என்று கேட்டேன். இப்போது மனசு வரவில்லை என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் என்னை உடைத்தது. துண்டைப் பிடித்தபடியே அழுதேன். அதனால் யாருக்கும் தெரியவில்லை.

"அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பியூ விசில் ஊதிவிட்டார்.

இரண்டிரண்டு பேராக நடந்தோம். கடற்கரையில் படுத்திருந்தவர்கள், சவ ஊர்வலம் என்று நினைத்து எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள். அம்மா தன் கையை என் கைக்குள் கோத்துக்கொண்டாள். கெட்டியாக. என்னைத் தாங்குகிறாளா, என்னிடம் தாங்கல் கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கல்லூரி வளைவுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறைந்து, காலணிச் சத்தம் பெரிதானது. பலகைக்கு முன்னால், சபையில் நிற்பது போலவே குரல் வாரியாக நின்றார்கள். குழந்தைகள் முன்னால். பியூ இசைக்கவையைக் கல்தூணில் தட்டக் கையை ஓங்கினார்.

தட்டிவிட்டால் பிறகு சொல்ல முடியாது.

"மிஸ்டர் பியூ," என்றேன். என் குரல் அந்த வளைவில் நான் நினைத்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. "பாடாதீங்க. என் பேர் இதுல இல்ல. லத்தீன்ல தேறலை. அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன். அவங்களுக்கு இப்பதான் தெரியும்."

இசைக்கவை அந்தரத்தில் நின்றது. வெளியே ஒரு கடற்பறவை கத்தியது. எழுபது ஜோடிக் கண்கள் என்னை விட்டு மெல்ல நகர்ந்து அம்மாவின் நீலத் தொப்பியின் மேல் போய் நின்றன. நான் பயந்தது இதற்குத்தான்.

"அப்ப இவ்ளோ தூரம் எதுக்கு வந்தோம்?" என்றாள் லெய்சா. கெட்ட எண்ணத்தில் இல்லை. அவளுக்கு மனசும் வாயும் ஒரே இடம்.

"நீ கடலைப் பாக்க வந்தே லெய்சா," என்றாள் அம்மா. "விடியக்கால அஞ்சு மணிக்கே பஸ்ல ஏறி உக்காந்துகிட்டு, டிரைவரைக் காணோம்னு சத்தம் போட்டது நீதான்."

ஆண்களின் பேஸ் வரிசையில் யாரோ சிரித்தார்கள். டெனர் வரிசைக்கு அது பரவியது. பியூ மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் போய், பட்டியலை மேலிருந்து வாசித்துக்கொண்டு வந்தார். நான் சொன்னதை நம்பாமல் சரிபார்க்கிறார் என்று நினைத்தேன். அதில்லை.

"இந்த எட்வர்ட்ஸ் யாரு? டோல்கெத்லி ஊர் எட்வர்ட்ஸ் வீட்டுப் புள்ளையா?" என்றார். எங்கள் ஆட்களால் ஒரு பெயரைப் பார்த்துவிட்டு, அது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் இருக்க முடியாது. வரிசை கலைந்தது. எல்லாரும் கண்ணாடியில் முகத்தை வைத்துத் தேட ஆரம்பித்தார்கள். இது பக்கத்து ஊர் மாலின் தங்கை பெண், இது நம்ம பழைய போதகரின் பேரன் இல்லையா என்று ஒரே சத்தம்.

"கெயின்வென் ஹியூஸ்," என்று படித்தார் பியூ. "இது யாரு?"

வளைவின் ஓரத்தில் ஒரு குழந்தையின் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற கெயின்வென் கையைத் தூக்கினாள். ஏதோ திருடிப் பிடிபட்டவள் மாதிரி.

"உங்க வீட்லேர்ந்து யாரும் வந்தாங்களா?"

"அப்பாவுக்கு விளக்கை விட்டுட்டு வர முடியாதுங்க ஐயா."

பியூ எங்கள் பக்கம் திரும்பினார். "மூணு வாரம் ஒத்திகை பாத்தாச்சு. இந்தப் புள்ளைக்கு ஆளில்ல. வரிசைக்கு வாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "நீ ஆல்ட்டோ. போய் நில்லு."

தூணில் தட்டினார். பாடினோம். அந்தக் கல்வளைவு குரல்களை வாங்கித் திருப்பிக் கொடுத்த விதத்தை எப்படிச் சொல்வது. எங்கள் சபையில்கூட அப்படிக் கேட்டதில்லை. வாசல்காப்பாளர் வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார். கெயின்வென் முன்னால் தனியாக நின்று, முகமெல்லாம் சிவந்து, அழுகையும் சிரிப்புமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குள் பொறாமை இல்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய்யாகும். அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் அம்மாவின் குரல் தாழ்ந்து, நிதானமாக, என் குரலுக்குக் கீழே ஒரு பலகை போட்டதுபோல் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது சரணத்தில் நான் தடுமாறியபோது அவள் நிறுத்தவில்லை. நான் வந்து சேரும்வரை எனக்கும் சேர்த்துப் பாடினாள்.

தேநீரின்போது, செப்டம்பர் ஒன்பதாம் தேதி திரும்ப எழுதப்போவதை எல்லாருக்கும் சொன்னேன். ஒவ்வொருவராக வந்து தாங்கள் தோற்ற கதையைச் சொன்னார்கள். ரொட்டி ஜோன்ஸ் வண்டி ஓட்டும் தேர்வில் ஐந்து தடவை தோற்றாராம். ஆறாவது தடவை தேர்வு அதிகாரிக்கு அலுத்துப்போய்விட்டதாம். லெய்சா பழரொட்டியில் இரண்டு துண்டை என் தட்டில் வைத்துவிட்டு, "லத்தீன் பேசறவங்க யாரும் இப்ப உசிரோட இல்லையாமே. அப்புறம் என்ன அவசரம்?" என்றாள்.

அம்மா அங்கே இல்லை. கெயின்வென்னிடம் வழி கேட்டுக்கொண்டு, தனியாக மிஸஸ் பெவன் வீட்டுக்குப் போயிருந்தாள். கோடையில் மிஸஸ் பெவன் அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விடுவாள், வேலைக்கு ஆள் தேடுவாள் என்று நான் எப்போதோ கடிதத்தில் எழுதியதை நினைவில் வைத்திருந்திருக்கிறாள். திரும்பி வந்து, எனக்காக எல்லாம் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னாள். காலையில் கட்டில் விரிப்பு, பாத்திரம். மத்தியானத்திலிருந்து படிப்பு. செப்டம்பர்வரை சாப்பாடும் அறையும்.

"வீட்டுக்கு வர வேணாமா?" என்றேன். சின்னப் பெண் மாதிரி கேட்டுவிட்டேன்.

"வந்தா உன்னைப் படிக்க விடமாட்டாங்க ரியன். தினம் நாலு பேர் கதவைத் தட்டி ஆறுதல் சொல்வாங்க." தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "கடல் பக்கம் வேணாம், பின்பக்கத்து அறை போதும்னு சொல்லியிருக்கேன். அந்த ஜன்னல்லேர்ந்து பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியுது. நான் பாத்துட்டேன்."

ஜூலை, ஆகஸ்ட் இரண்டையும் அம்மா தனியாக அந்த வீட்டில் கழிப்பாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை அவளும் யோசித்திருப்பாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கடலுக்குப் போகலாமா என்று கேட்டேன். இந்தத் தடவை தலையாட்டினாள். துண்டை நான் பிடிக்க, காலுறையைக் கழற்றிக்கொண்டு, தண்ணீர் முழங்காலைத் தொடும்வரை நடந்தாள். பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்று, எவ்வளவு குளிர் என்று சொல்வதற்குப் பதிலாகச் சும்மா சிரித்தாள்.

ஆறு மணிக்கு பஸ்கள் கிளம்பின. அம்மா இரண்டாவது பஸ்ஸின் பின்வரிசை ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைத் திறக்க முடியவில்லை. ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. கை விரல்களை விரித்துக் காட்டினாள். ஒரு கையில் ஐந்து, இன்னொரு கையில் நாலு. ஒன்பது. மறந்துவிடாதே என்கிற மாதிரி இரண்டு தடவை. அதைப் பார்த்துவிட்டு லெய்சாவும் ஒன்பது காட்டினாள். ரொட்டி ஜோன்ஸ் காட்டினார். விஷயம் தெரியாத குழந்தைகள் எல்லாரும் கண்ணாடியில் விரல்களை ஒட்டிக்கொண்டு எண்ணினார்கள். மூப்பர் பியூ குழந்தைகளுக்கு மேலாகக் குனிந்து, இரண்டு கைகளையும் முழுதாக விரித்துக் காட்டினார். இளவயதில் வெடிவைக்கும்போது ஒரு விரலைக் குவாரியிலேயே விட்டுவிட்டு வந்தவர் அவர். சரியாக ஒன்பது. பஸ் கடற்கரைச் சாலையின் வளைவில் திரும்பியது. மேலைக் கடலின் வெயில் பின்கண்ணாடியில் பட்டு, அந்த விரல்கள் எல்லாம் ஒரு நொடி பொன்னிறமாகத் தெரிந்தன. நானும் என் ஒன்பதைத் தூக்கிப் பிடித்தபடி சாலை நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.